பேஸ்மட்டத்துக்குள்ள பழைய டயரப் போட்டு நிரப்பலாமா?

திருநெல்வேலி மானூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, வீடு கட்டப் போற இடம் கரிசல், ரோட்ட விட 3 அடி பள்ளம். சரள் லோடு விக்கிற விலைக்கு வாங்கி மாளல. பைபாஸ்ல மச்சான் டயர் கடை வச்சிருக்காரு, பழைய டயர் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லுதாரு. வெளிநாட்டுல டயரப் போட்டுத்தான் ரோட்டையே மேடாக்குதாங்கன்னு வீடியோ பாத்தேன். டயர அடுக்கி மேல ஒரு அடி சரள் அடிச்சு தளம் போட்டுரலாமா? பொறவாசல் பக்கம் ஓடைக்கரை வேற அரிச்சுக்கிட்டே வருது, அங்க டயர்லயே சுவர் வச்சா நிக்குமா?"

தம்பி, வீட்டுக்கு அடியில டயர் வேண்டாம். முழு டயரும் வேண்டாம், வெட்டின டயரும் வேண்டாம். ஆனா நீங்க பாத்த வீடியோ பொய் இல்ல, அது வேற மண்ணுக்குச் செஞ்ச வைத்தியம், அதத்தான் கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன்.

அங்க போடுதது முழு டயர் கிடையாது. மெஷின்ல குடுத்து உள்ளங்கை அகலத்துல இருந்து ஒரு அடி வரைக்கும் துண்டு துண்டா வெட்டி, அத பரத்தி ரோலர் விட்டு அமுக்குவாங்க. அதோட பெரிய குணம் என்னன்னா எடை கம்மி. அமுக்கின மண்ணு ஒரு கன மீட்டர் 1800, 2000 கிலோ வரும், டயர் துண்டு 600ல இருந்து 800 கிலோதான். அமெரிக்கால மெயின் மாநிலத்துல போர்ட்லாண்ட் ஏர்போர்ட்டுக்குப் பிரியுத ரோட்டுல அடிமண்ணு கொழகொழன்னு களி, வழக்கமான மண்ண மேடு போட்டா பாரம் தாங்காம அப்படியே சரிஞ்சிரும், அதனால 12 லட்சம் டயர வெட்டிப் போட்டு மேடாக்குனாங்க. தடுப்புச் சுவருக்குப் பின்னாடி போட்டாலும் மண்ணு அளவுக்குச் சுவரத் தள்ளாது, தண்ணியும் நிக்காம வடிஞ்சிரும். நல்ல பொருள்தான், நான் குறை சொல்லல.

உங்க இடத்துப் பிரச்சன அது இல்லியே! கரிசல் பாரத்துல அமுங்குதேன்னு நாம பயப்படல, மழைக்கு ஊதி மேல தூக்குதும் கோடைல கை நுழையுத அளவு வெடிக்குதும்தான் தலவலி. ஊதுத மண்ணுக்கு மேல நல்ல பாரம் வேணும், தண்ணி உள்ள இறங்காம இறுக்கமா மூடியும் இருக்கணும். டயரு எடையும் இல்லாதது, தண்ணியையும் தாராளமா உள்ள விடும், அந்தத் தண்ணி கரிசல் மேலயே போய் நின்னு ஊறும். ரெண்டு வகையிலயும் ஆகாது. போதாததுக்கு ரப்பர் அமுங்கும், மேல பாரம் ஏற ஏற பத்துல ஒரு பங்குக்கு மேலயே இறங்கும், ரோடுன்னா அத கணக்குப் பண்ணி முன்கூட்டியே உயரத்தக் கூட்டிப் போட்டுருவாங்க, உங்க வீட்டுல டைல்ஸ் ஒட்டின பெறவு அந்த வேலை நடந்தா என்ன ஆகும்? இலவம்பஞ்சு மெத்தைல அம்மியத் தூக்கி வச்ச கததான்.

சரி, காசாவது மிஞ்சுமான்னு பாப்போம். ஒரு கார் டயர் வெளி அளவுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் இடம் அடைக்கும், அதுல ரப்பரும் கம்பியும் சேந்து 8 லிட்டர்தான், மிச்சம் பூரா வெறும் ஓட்டை. அந்த ஓட்டைக்கு எப்படியும் மண்ணு வேணும், அதுவும் டயரோட உதட்டுக்கு அடியில திமிசு (மண்ண இடிச்சு இறுக்குத கட்டை) நுழையாது, கையால திணிச்சுத் திணிச்சு அடிக்கணும். திணிக்காம விட்டா மேல போட்ட சரள் ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பொந்துக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். துண்டா வெட்டியே போடுதேன்னாலும் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, 280 கார் டயர் பக்கம் வேணும். 600 சதுர அடி வீட்டுக்கு 3 அடின்னா 18 யூனிட், 5000 டயர். மச்சான் கடைல அவ்வளவு இருக்கா, வெட்டுத மெஷினுக்கு எங்க போவீங்க?

தீ விஷயமும் இருக்கு. 1995 வாக்குல வாஷிங்டன் மாநிலத்துல ரெண்டு இடத்துலயும் கொலராடோல ஒரு இடத்துலயும் டயர் துண்டு நிரப்புன மேடு யாரும் பத்த வைக்காமலே உள்ளுக்குள்ள சூடேறி எரிஞ்சுது. மூணுமே 6 மீட்டருக்கு மேல கனமாப் போட்டது. அதுக்குப் பெறவுதான் ஒரு அடுக்கு 3 மீட்டருக்கு மேல போகக்கூடாது, பொடியும் துருத்தின கம்பியும் கம்மியா இருக்கணும், செத்தை குப்பை கலக்கக்கூடாது, காத்து புகாம மண்ணப் போட்டு மூடணும்னு கட்டுப்பாடு வந்துச்சு, பொருளுக்கெல்லாம் தரம் வகுக்குத அமெரிக்க அமைப்பு ஏஎஸ்டிஎம்மோட டி 6270ன்னு அதுக்குன்னே ஒரு வழிகாட்டி இருக்கு. உங்க 3 அடி தானா எரியும்னு நான் பயமுறுத்த வரல. ஆனா கட்டுமானம் நடக்கயில டயரக் குவிச்சுப் போட்டு யாராவது பீடித் துண்டப் போட்டான்னா அணைக்க முடியாது தம்பி, எண்ணெய் உருகி ஓடும், பக்கத்துக் கிணறும் கெடும்.

அப்ப என்ன செய்யலாம்? கரிசல் 3, 4 அடிக்குள்ள முடிஞ்சு கீழ செம்மண்ணோ ஓடைக்கல்லோ வருதுன்னா, அதத் தோண்டி எடுத்துட்டு, ஊதாத சரள் மண்ண அரை அடி அரை அடியாப் பரத்தி தண்ணி விட்டு திமிசு போட்டு ஏத்துங்க. மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டி மேல தண்ணி விட்டு "செட் ஆயிரும்"னு சொல்லுத ஆள நம்பாதீங்க. கரிசல் ஆழமா போச்சுன்னா அடியில குடம் மாதிரி அகட்டுன பைல், அதாவது ஆழமாத் துளை போட்டு இறக்குத கான்கிரீட் தூண் போட்டு, பிளிந்த் பீமுக்கு (சுவரத் தாங்குத அடிமட்ட கான்கிரீட் உத்தரம்) அடியில மண்ணு ஊதுறதுக்கு இடைவெளி விட்டுக் கட்டணும், இன்ஜினியர் கையெழுத்தோட. வீட்டச் சுத்தி 3, 4 அடிக்கு சரிவா சிமெண்ட் தளம் போட்டு மழைத்தண்ணிய வெளிய தள்ளிவிட்டீங்கன்னா பாதி வெடிப்பு வராது.

ஓடைக்கரைக்கு டயர் சுவர் கண்டிப்பா வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை நம்ம பக்கம் என்ன செஞ்சுதுன்னு நீங்களும் பாத்திருப்பீங்க. ரப்பர் தண்ணிய விட லேசா கனம், அவ்வளவுதான், முங்கிட்டா அதுக்குன்னு எடையே கிடையாது, உள்ள மண்ணு கரைஞ்சா மொத்தமும் உருண்டு போய் கீழ எவன் வயக்காட்டுலயோ மதகுலயோ அடைக்கும். போதாக்குறைக்கு டயர்ல இருந்து இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணில இறங்கும். அங்க கம்பி வலைக்குள்ள கல்லடுக்கிப் போடுங்க, கரை புறம்போக்கான்னு விஏஓ கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

டயர் வச்சே தீரணும்னு ஆசைன்னா காம்பவுண்டுக்குள்ள, தோட்டத்து மேட்டுக்கு 2, 3 அடி உயரத்துக்கு வைக்கலாம். மேல்பக்கத்து ஓரத்த வெட்டி எடுத்திருங்க, அப்பத்தான் மண்ணு முழுசா இறங்கும். ஒரு டயருக்கு 130 கிலோ கிட்ட சரள் திணிச்சு அடிங்க, செங்கல் மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி மேட்டுப் பக்கம் சாய்ச்சு அடுக்குங்க, முதல் வரிசை மண்ணுக்குள்ள புதையணும். மழைத்தண்ணி ஒரு சொட்டு தேங்க விடாதீங்க, டெங்கு கொசுவுக்கு அதுதான் வீடு, 2012ல நம்ம ஜில்லா பட்ட பாடு மறக்கல.

மிச்ச டயர அரசு பதிவு உள்ள ரீசைக்கிள் கம்பெனிக்குக் குடுக்கச் சொல்லுங்க, 2022ல இருந்து அதுக்குத் தனி விதியே இருக்கு. நீங்க இடத்துல ரெண்டு மூலைல 6 அடிக்குக் குழி தோண்டி கரிசல் எத்தன அடில முடியுது, கீழ என்ன வருதுன்னு அளந்து எழுதுங்க, சரளா பைலான்னு சொல்லுதேன்.