தாதியிடம் சொன்ன பதிலை மாற்றுங்கள்

கேள்வி: வடமேற்கு லண்டனில் ஒரே வாடகை வீட்டில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துவந்த கணவர் இருதய நோயால் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். "வீட்டை விற்கப்போகிறேன், அடுத்த மாத முடிவுக்குள் விட்டுவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மானம் போவதற்கு முன் பர்மிங்காமில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா? உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குப் போனால் "தெருவுக்கு வந்த பிறகு வாருங்கள்" என்பார்களாமே? திரும்பிப் போக வீடு இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் எல்லோரிடமும் நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் பெட்டி கட்டுவதை நிறுத்துங்கள்.

தொலைபேசியில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. காரணம் சொல்லாமலே இரண்டு மாதத்தில் வெளியேறச் சொல்லும் பழைய நோட்டீஸ் முறை 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இல்லை. வீட்டை விற்க வேண்டுமென்றால் அவர் அதற்குரிய படிவத்தில் எழுத்தில் தர வேண்டும். நான்கு மாத அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த நான்கு மாதம் முடிந்த பிறகும் நீங்கள் போகவில்லை என்றால் அவர் போக வேண்டிய இடம் நீதிமன்றம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றினாலோ பொருட்களை வெளியே வைத்தாலோ அது 1977ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊர்க்காரர் என்பதால் இதையெல்லாம் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணா, எழுத்தில் தாருங்கள், நாங்கள் கவுன்சிலில் காட்ட வேண்டும்" என்று கேட்டால் போதும்.

தங்கை வீட்டுக்கு இப்போதே போய்விட்டால் என்ன நடக்கும்? இருக்க உரிமையுள்ள வீட்டை நீங்களாகவே விட்டீர்கள் என்று ஆகிவிடும். ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு ஒரு கொடிய முத்திரை உண்டு: வேண்டுமென்றே வீடிழந்தவர். அந்த முத்திரை விழுந்தால், பிள்ளைகள் இருந்தும், கவுன்சில் நிரந்தரத் தீர்வு வரை உங்களைத் தாங்க வேண்டிய கடமையிலிருந்து கழன்றுகொள்ளலாம். மானத்துக்குப் பயந்து சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்த பல குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை அதுதான்.

வாடகைப் பாக்கிதான் உங்கள் உண்மையான ஆபத்து. பாக்கி மூன்று மாதத்தை எட்டினால் வீட்டுக்காரர் நான்கு வார நோட்டீஸோடு நீதிமன்றம் போகலாம். விசாரணை நாளிலும் மூன்று மாதப் பாக்கி இருந்தால் நீதிபதிக்கு மறுக்க வழியில்லை. நீங்கள் இரண்டில் நிற்கிறீர்கள். முழுதாகக் கட்ட முடியாவிட்டாலும், கட்ட முடிந்ததைக் கட்டி ரசீது வாங்குங்கள். கணவரின் வருமானம் நின்றதை யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகை) அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். வாடகைக்கும் கிடைக்கும் உதவித்தொகைக்கும் இடையே துண்டு விழுந்தால் அதை நிரப்பக் கவுன்சிலிடம் தனி உதவிப் பணம் உண்டு. அதைக் கேட்டால்தான் தருவார்கள். நோயால் வந்த பாக்கி வேண்டுமென்றே வைத்த பாக்கி அல்ல. அதற்கு ஆஸ்பத்திரிக் கடிதமே சாட்சி.

இனி அந்த "தெருவுக்கு வந்த பிறகு வாருங்கள்" கதை. உங்களுக்கு அதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய காலத்தைச் சொல்கிறார்கள். வீடற்றோருக்கு உதவுவது கவுன்சிலின் கடமை என்று முதன்முதலில் எழுதிய 1977ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் வந்த 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டமும், ஒரு சல்லடையாகவே நடைமுறையில் பயன்பட்டன. பிள்ளைகள், கடும் நோய் போன்ற முன்னுரிமைத் தேவை இருக்கிறதா, குற்றம் உங்கள் மேலா, இந்த வட்டாரத்தோடு தொடர்பு உண்டா என்று வரிசையாகச் சலித்து, விழாமல் நின்றவருக்கே உதவி. பிள்ளையில்லாத தனி ஆளுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். வேல்ஸ்தான் முதலில் மாற்றியது. அங்கு 2014இல் இயற்றி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், வீடு போவதற்கு 56 நாள் முன்பே கவுன்சில் வேலையைத் தொடங்க வேண்டும் என்றது. இங்கிலாந்து அதைப் பின்பற்றியது. நம்மவர்கள் நிறைய வாழும் ஹாரோ கிழக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பாப் பிளாக்மன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த வீடற்றமை குறைப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதன்படி, 56 நாளுக்குள் வீடு போகக்கூடும் என்றால் கவுன்சில் உங்கள் நிலையை மதிப்பிட்டு, உங்களுக்கென்று ஒரு திட்டத்தை எழுத்தில் தந்து, வீடு போகாமல் தடுக்க முயல வேண்டும். வீட்டுக்காரரோடு பேசுவது, பாக்கிக்கு வழி செய்வது, வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது எல்லாம் அதில் வரலாம். தடுக்க முடியாமல் வீடு போய்விட்டால் இன்னொரு 56 நாள், வேறு இடம் தேடித்தரும் கடமை. பிள்ளைகள் இருப்பதால் அந்தக் காலத்தில் தங்க இடமும் தர வேண்டும். விடுதி அறையில் வைத்தால் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உங்களிடம் எழுத்தில் நோட்டீஸ் இல்லாததால் "56 நாள் கணக்கு இன்னும் தொடங்கவில்லை" என்று அலுவலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். இலவச ஆலோசனை கேட்கும் உரிமைக்கு நாள் கணக்கு கிடையாது. "வெளியேற்றும் நீதிமன்ற அலுவலர் (பெயிலிஃப்) வரும்வரை வீட்டிலேயே இருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லி அனுப்பக் கூடாது என்று அரசின் வழிகாட்டி நூலே சொல்கிறது. ஆனாலும் சில கவுண்டர்களில் அந்த வாக்கியத்தை இன்றும் கேட்கலாம். சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். கவுண்டருக்குப் பின்னால் இருபது ஆண்டு உட்கார்ந்தவரின் வாயை மாற்ற நாளாகும். எந்தப் பதிலானாலும் எழுத்தில் கேளுங்கள். முடிவுக் கடிதம் வந்தால், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்க 21 நாள் மட்டுமே உண்டு.

இப்போது அந்தத் தாதி. அவர் ஊர்வம்புக்காகக் கேட்கவில்லை. 2018 அக்டோபர் 1 முதல் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவும் உள்நோயாளர் பிரிவுகளும், சிறைகளும், நன்னடத்தைக் கண்காணிப்புச் சேவையும், ஜாப்சென்டர் என்னும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமும், சமூக சேவைப் பிரிவும், வீடிழக்கும் நிலையில் ஒருவரைக் கண்டால் அவர் சம்மதத்தோடு, அவர் சொல்லும் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு போகும் செய்தி கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவுக்கு வருமுன் வேறு ஏதோ ஓர் அரசு அலுவலகத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். உங்கள் வீட்டில் அது ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டியது. "ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற உங்கள் பதில் அந்தக் கதவை உள்ளே இருந்து பூட்டிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் குறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. தெரிவிப்பதுதான் கடமை, கூடி உட்கார்ந்து தீர்ப்பது கடமை அல்ல. ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரியின் பொறுப்பு முடிந்தது. நோயாளி வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பப்பட்டு, திங்கள் காலை கவுன்சிலில் மின்னஞ்சல் திறக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். குடும்ப வைத்தியரும் பள்ளியும் போலீசும் இந்தப் பட்டியலிலேயே இல்லை; நம் குடும்பங்கள் அதிகம் வாய் திறப்பது பள்ளி ஆசிரியையிடமும் வைத்தியரிடமும்தான் என்பது எனக்கு இன்றுவரை உறுத்தல். 2025இல் ஸ்காட்லாந்து நிறைவேற்றிய சட்டம் "கேள், செயல்படு" என்று பொதுச் சேவைகளிடம் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கிறது. இங்கிலாந்தில் இப்போதைக்கு அந்த மின்னஞ்சலைத் துரத்த வேண்டியவர் நீங்கள்தான். அனுப்பிய நாளையும் அனுப்பியவர் பெயரையும் குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் கவுன்சிலைக் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வீட்டில் அறை எடுத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன நோட்டீஸ், நீதிமன்றப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது; நியாயமான அவகாசம் தந்தால் போதும். ஆகவே நீங்கள் இன்னும் சீக்கிரமாகக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அரசு உதவி பெற முடியாத விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஆலோசனை மட்டுமே உண்டு. ஆனால் பிள்ளைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லிச் சமூக சேவைப் பிரிவின் கதவைத் தட்டலாம்.

சகோதரி, இன்று மாலை கணவரைப் பார்க்கப் போகும்போது வாடகை ஒப்பந்தம், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதி ஆவணம் ஆகியவற்றின் பிரதிகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே தாதி இல்லாவிட்டால் அந்த வார்டில் பொறுப்பிலிருக்கும் தாதியிடம், அன்று தவறாகச் சொல்லிவிட்டேன், வீடு போகும் நிலையில் இருக்கிறோம், கவுன்சிலுக்குத் தெரிவிக்கச் சம்மதிக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மூத்த பிள்ளையை அதற்கு நிறுத்த வேண்டாம். கணவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் எது என்று அப்போதே கேட்டு, அந்தத் தேதியையும் கவுன்சிலுக்கு அனுப்பும் செய்தியில் சேர்க்கச் சொல்லுங்கள்.