ஐந்துக்கு நான்கு

அன்புள்ள ஐயா,

நான் இங்கேயே பிறந்தவன். தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பேன். 1992–93 ஐஸ் ஹொக்கி பருவத்தை நீங்கள் அடிக்கடி போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். அப்பாவும் அப்படித்தான். நடுவர் கெரி பிரேசரின் பெயரைக் கேட்டாலே ரிவியை நிற்பாட்டிவிடுவார். அன்று பிரேசர் எதிரணியான லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸின் கிரெட்ஸ்கியைத் தவறுக்காக வெளியே அனுப்பியிருந்தால் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றிருக்குமா? புதுமுகமாக வந்த சேலானே போட்ட 76 கோல் சாதனை இனி முறியுமா? கிரெட்ஸ்கியா, லெமியூவா, யார் பெரியவர்?

ஒரு வாசகர், மார்க்கம்

அன்புள்ள தம்பி,

மெதுவாக வாசிப்பேன் என்கிறீர்கள். கடிதத்தில் ஒரேயொரு எழுத்துப்பிழைதான் இருந்தது, அதுவும் என் பெயரில். மன்னித்தேன்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். அந்தத் தர்க்கத்தில் ஏற்கனவே இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன். சேலானே சாதனை முறியாது. அவருக்கு முன்னால் இருந்தது மைக் பொசியின் 53. அதற்கு மேல் இன்னும் 23 போட்ட மனிதர். விடுங்கள்.

பிரேசருக்கு வருவோம். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 1993 மே 27 இரவு என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். நொடி நொடியாகச் சொல்வார். லொஸ் ஏஞ்சலிஸில் அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். நாலு வென்றவர் இறுதிக்குப் போவார். எங்கள் வெண்டல் கிளார்க் தன் மூன்றாவது கோலையும் போட்டு, முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் நான்குக்கு நான்கு ஆக்கினார். மேலதிக நேரத்தில் கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மரின் நாடியைக் கிழித்தது. இரத்தம். பிரேசர் கில்மரிடம் கேட்டார், எல்லைக்கோட்டு நடுவர்களிடம் கேட்டார், கடைசியில் தவறு என்று கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டார். ஐந்துக்கு நான்கு.

பிறகு மே 29 பற்றிக் கேளுங்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவிடம் தேத்தண்ணி கேட்பார்.

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். அந்தத் தொடர் ஆறாவது ஆட்டத்தோடு முடியவில்லை ஐயா! மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் ரொறன்ரோவில், எங்கள் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், எங்கள் பனியில், எங்கள் சனங்களுக்கு முன்னால். வெல்ல ஒரு முழு ஆட்டம் கையில் இருந்தது. அன்று கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டார், இன்னொன்றுக்குக் கைகொடுத்தார். முதுகு உபாதையால் அந்தப் பருவத்தில் பாதி ஆட்டம் ஆடாதவர். முதுகில் பியானோவைச் சுமந்துகொண்டு ஓடுவதுபோல இருக்கிறது என்று இங்குள்ள ஒரு பத்திரிகைக்காரர் எழுதியுமிருந்தார். அந்த மூன்றாவது கோலைப் பாருங்கள். வலைக்குப் பின்னால் நின்று பக்கை, அந்த ரப்பர் வட்டை, முன்னே தள்ளிவிடுகிறார். அது எங்கள் டேவ் எலெட்டின் சப்பாத்தில் பட்டு, வலைகாவலர் பொட்வினைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. மூன்று நிமிடத்துக்குள் அதே எலெட் போய்த் திருப்பி ஒன்று போடுகிறார். கடைசி நிமிடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஐந்துக்கு நான்கு. மறுபடியும்.

இதற்குப் பிரேசர் என்ன செய்வார்? அந்த ஏழாவது ஆட்டத்துக்கு அவர் நடுவரே இல்லை.

வென்றிருக்குமா என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு இறுதித் தொடரில் மொன்றியல் இருந்தது. வலையில் பத்ரிக் ருவா. அந்த வசந்தத்தில் மேலதிக நேரத்துக்குப் போன ஆட்டங்களில் அடுத்தடுத்துப் பத்தை வென்ற அணி. கிங்ஸை நாலுக்கு ஒன்று என்று முடித்து அனுப்பியது. உங்கள் 'அனுப்பியிருந்தால்' அந்த வாசலில் போய் என்ன செய்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

உங்களை ஏன் இப்படி ஏசுகிறேன் என்றால், ஏச வேண்டிய ஆள் வேறு ஒருவன். அவனை இப்போது ஏச முடியவில்லை.

1993இல் அவனும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். மதுக்கூடத்தில் ரிவி. சமையலறைக் கதவில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டக் கண்ணாடி. ஒருவன் கழுவ, மற்றவன் அதில் முகத்தை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். மே 27 நள்ளிரவில் பார்க்கிற முறை அவனுடையது. "இரத்தம் மச்சான், இரத்தம்" என்று கத்தினான். பிறகு சத்தமே இல்லை. ஈரக் கையோடு நான் போய்ப் பார்த்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. அந்த வருடம் நாங்கள் கழுவிய கோப்பைகளுக்குக் கணக்கில்லை. 1967க்குப் பிறகு லீஃப்ஸுக்கு ஒரு கோப்பைதானும் கிடைக்கவில்லை.

அவனுக்கு இப்போது கழுத்தில் கட்டி. ஐந்து வாரமாக நான்தான் ரேடியேஷனுக்கு ஏற்றி இறக்குகிறேன். தலை அசையாமலிருக்க முகத்தின்மேல் பிளாஸ்டிக் வலையை வைத்து மேசையோடு பூட்டிவிடுவார்கள். வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சு விழுந்திருக்கும். "பொட்வின் மாதிரி இருக்கிறனோ?" என்று கேட்பான். கழுத்துத் தோல் கருகி உரிகிறது. துப்பலை விழுங்குவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட தொண்டையால் போன செவ்வாய்க்கிழமை காரில் என்ன கதைத்தான் தெரியுமா? பிரேசர் கையைத் தூக்கியிருந்தால் என்று தொடங்கினான்.

அன்றுதான் அவனுக்கு லெமியூவைச் சொன்னேன். தெரிந்த கதைதான், இருந்தாலும் சொன்னேன். அதே பருவம். ஜனவரியில் பிட்ஸ்பர்க் அணியின் லெமியூவுக்கு ஹொட்ஜ்கின், நிணநீர்ப் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். மார்ச் 2 காலையில் கடைசி ரேடியேஷன். அன்றே விமானம் ஏறிப் பிலடெல்பியாவுக்குப் போய், அன்றிரவே பனியில் இறங்கினார். எதிரணியின் ஊர், அதுவும் இலேசில் யாருக்கும் இரங்காத ஊர். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கோல் போட்டார், ஒன்றுக்குக் கைகொடுத்தார். திரும்பி வரும்போது, கோலுக்கும் கைகொடுத்ததற்கும் ஒவ்வொன்றாக எண்ணும் புள்ளிப் பட்டியலில் பஃபலோவின் லாஃபொன்டேனுக்கு 12 பின்னால் இருந்தார். பருவம் முடியும்போது 12 முன்னால். 160க்கு 148. மற்றவர் 84 ஆட்டம் ஆடியிருந்தார், இவர் 60.

(சேலானே பொசியைத் தாண்டியதும் அதே மார்ச் 2 இரவுதான். கையுறையை மேலே எறிந்து, மட்டையைத் துவக்குப்போல நீட்டிச் சுட்டாரே, அந்த இரவு. இரண்டையும் எப்படித்தான் ஒரே நாளில் வைத்தார்களோ.)

அவன் சீட்டைச் சாய்த்துப்போட்டுக் கண்ணை மூடியிருந்தான். நித்திரை என்று நினைத்து வானொலியைக் குறைத்தேன். எக்ளின்டன் வீதிச் சிக்னல் வெளிச்சத்தில் நிற்கும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அண்டைக்குப் பிட்ஸ்பர்க் வெண்டதோ?"

"இல்லை. தோத்தது."

"எவ்வளவு?"

"அஞ்சுக்கு நாலு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கன்னத்துக் கட்டங்களை விரலால் தேய்த்துக்கொண்டே, "அம்பயர் ஆர்?" என்றான்.