வாசகர் கேள்வி பதில்: அது எங்கள் நாடுதானா?

கேள்வி: ஐயா, நான் கோப்பாயில் பிறந்து வளர்ந்து, 1999இல் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் வாழ்கிறேன். எனது ஒரே தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சிறு வயதில் தென்னம் மட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கி, எங்கள் ஒழுங்கை முழுவதும் கிரிக்கெட் விளையாடித் திரிந்தவன் அவன். 2022 செப்டெம்பரில் துபாயில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, நான் என்னையறியாமல் கைதட்டி அழுதுவிட்டேன். இங்கே பிறந்த என் மகன் மறுவாரமே இலங்கை அணியின் நீலச் சேர்ட்டை வாங்கி அணிந்தான். அதைக் கண்ட என் கணவரின் தமையனார், "தம்பியைத் தின்ற நாட்டின் சேர்ட் இந்த வீட்டுக்குள்ளா?" என்று கேட்டார். மகனோ, "அம்மா, அது எங்கட நாடுதானா, இல்லையா?" என்கிறான். இருவருக்கும் என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. நான் என் தம்பிக்குத் துரோகம் செய்துவிட்டேனா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்காபரோ)

பதில்: அன்புள்ள சகோதரி, இல்லை. நீங்கள் எந்தத் துரோகமும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நானும் பல ஆண்டுகள் வதைபட்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களுள் நாங்களும் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை நான்கு குடும்பங்கள் சேலைகளால் பிரித்துக்கொண்டு வாழ்ந்தோம். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடியது. 1990 முதலே எங்களுக்கு மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் வானொலிக்குப் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவின் கம்பியை வானொலியில் தொடுத்து, பெடியள் முறைவைத்துக் கையால் மிதிகட்டையைச் சுற்றினார்கள். கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் அமிழும்; மற்றவன் ஓடிவந்து பிடிப்பான், குரல் மறுபடி மேலே வரும். அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது அந்த அறை எழுப்பிய கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த அரசின் இராணுவம் எங்களை வீட்டைவிட்டுத் துரத்தியதோ, அந்த அரசின் பெயரைத் தாங்கிய அணிக்காகத்தான் நாங்கள் கத்தினோம். சேலைத் திரைக்கு அப்பால், எறிகணையில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் எங்களை ஏசவில்லை, ஆட்டம் முடிந்ததும், "வெண்டாச்சோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. அடுத்த மாதமே தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போய், நாங்கள் மறுபடி பெட்டி கட்டினோம்.

அந்த வெட்கத்தை நான் இறக்கிவைத்தது புத்தளத்தில். நாங்கள் வெளியேறுவதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எங்கள் பெயரால் நடந்த அநீதி அது. அன்று நம்மில் மிகப் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் புத்தளத்தில், அப்படி வெளியேற்றப்பட்ட முதியவர் ஒருவரின் வீட்டில் தேநீர் குடித்தேன். அவர் பேசியதெல்லாம் சோனக தெருவைப் பற்றியும் தாம் படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும்தான். "எங்கட யாழ்ப்பாணம்" என்று அவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் குரலில் பெருமை இருந்தது. துரத்தியவர்களை மன்னித்துவிட்டதாக அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன, ஒன்று மற்றதை அழிக்கவில்லை. அவருக்கு யாழ்ப்பாணத்தின்மேல் இருந்த பாசத்தை நான் துரோகம் என்று எண்ணவில்லை. மாறாக, அது எங்கள் ஊருக்குக் கிடைத்த பேறு என்றே எண்ணினேன். அப்படியானால் 1996இல் அந்த வகுப்பறையில் கத்திய பெடியளை மட்டும் நான் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

வலிகாமம் வடக்கில் இராணுவம் உயர்பாதுகாப்பு வலயம் என்று வேலியடைத்த காணிகளின் சொந்தக்காரர்களை நீங்கள் அறிவீர்கள். முகாமிலிருந்து முகாமுக்கு அலைந்தபோதும் காணி உறுதியை, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரத்தை, பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். காணி இன்னொருவன் கையில் இருக்கிறதே என்று எவரும் உறுதியைக் கிழித்தெறியவில்லை. நாட்டின் விடயமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

அந்த உறுதியில் நம்மவர்களின் கையொப்பமும் இருக்கிறது என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். 1920களில் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் கேட்டது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. பிரித்தானியர் தந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுதந்திரம் தரவில்லை என்பதற்காக 1931ஆம் ஆண்டுத் தேர்தலை வடக்கில் நான்கு தொகுதிகளில் பகிஷ்கரித்தார்கள். அரசியல் கணக்கில் அது பிழையான முடிவென்று சொல்வோர் உண்டு, இருக்கட்டும். இலங்கை என்ற முழு நாட்டுக்காகவும் தமிழ் இளைஞர்கள் அத்தனை துணிவோடு பேசிய காலம் ஒன்று இருந்தது. ஆகவே மகனின் கேள்விக்கு விடை: ஆம், அது எங்கள் நாடும்தான். பெரும்பான்மையினர் மனமிரங்கித் தந்த இடம் அன்று.

ஆனால், அந்தப் பெருமையின் பெயரால் உங்களிடம் எதையும் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. வாளேந்திய சிங்கக் கொடியை நான் என் வீட்டில் ஏற்றியதில்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமான இரு பட்டைகளைச் சிங்கத்தின் களத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த அந்த அமைப்பை, கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அன்றே ஏற்க மறுத்தார். 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்ட தேசிய கீதம் 2020இல் மீண்டும் நிறுத்தப்பட்டபோது எனக்கு எழுந்த கோபம், அந்தக் கீதத்தில் எனக்கும் பங்குண்டு என்பதால் எழுந்த கோபம்தான். "வென்றதற்கு மகிழ்ந்தாயே, இனிப் பழையதைப் பேசாதே" என்று எவராவது சொன்னால், அவருக்கு ஒரு கணமும் இடம் கொடாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரப் பந்தலில் படங்களை ஏந்தி அமர்ந்தார்களே, அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கேட்பது அந்த அரசிடம்தான். 2022 மே 18 அன்று காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து, போரின் கடைசி நாள்களில் நம்மவர்கள் குடித்து உயிர்பிழைத்த கஞ்சியின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள். அது பல ஆண்டுகள் பிந்தி வந்த கஞ்சி, எதற்கும் ஈடாகாத கஞ்சி. என்றாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

உங்கள் கணவரின் தமையனாரோடு சேர்ட்டைப் பற்றி வாதாட வேண்டாம். அவர் கேட்டது சேர்ட்டைப் பற்றி அன்று. உங்கள் தம்பியை இந்த வீடு மறந்துவிடுமோ என்பதே அவருடைய பயம். அந்தப் பயத்துக்குரிய மறுமொழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகனை ஒருநாள் பக்கத்தில் இருத்தி, அவனுடைய மாமா தென்னம் மட்டையை எப்படிச் செதுக்கினான், ஒழுங்கையில் எதை விக்கெட்டாக நட்டான், பந்து அடுத்த வீட்டு வளவுக்குள் போனால் யார் ஏசினார்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். தமையனாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மகன் அந்தச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்கட்டும்.