செப்புப் பூச்சு உள்ள மாஸ்க் வைரஸைக் கொல்லுமா?

திருகோணமலைக் கடையொன்றில் செப்புப் பூசிய மாஸ்க் பார்த்தேன், கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செம்பு வைரஸை அழிப்பது உண்மைதான். ஈரம் பட்டதும் செம்பிலிருந்து கசியும் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) வைரஸின் உறையையும் உள்ளிருக்கும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. 2020இல் வந்த ஓர் ஆய்வில், செம்பின் மேல் கொரோனா வைரஸ் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிர்ப்போடு இல்லை. பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை இருந்தது.

சரி, ஆனால் அது மணிக்கணக்கு. நாம் இழுக்கும் மூச்சோ ஒரு நொடிக்குள் மாஸ்க்கைக் கடந்துவிடும். காப்பாற்றுவது மின்னேற்றிய வடிகட்டி அடுக்கும், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதும்தான். பூச்சு உதவுவதெல்லாம் மாஸ்க்கின் வெளிப்புறத்தைக் கையால் தொடும்போதுதான். அப்புறம், நம்மூர் உப்புக்காற்றில் செம்புக் குடமே பச்சை பூத்துவிடும். துவைத்தால் மலிவுப் பூச்சு உதிரவும் கூடும். நானென்றால் அந்தக் காசுக்கு, அப்படிப்பட்ட வடிகட்டியோடு முகத்தில் இறுகப் பொருந்தும் நல்ல என்95 மாஸ்க் வாங்குவேன்.