காருக்குத் தனி ஜி.பி.எஸ். கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கைபேசி இருக்கையில் காருக்குத் தனி ஜி.பி.எஸ். கருவி தேவையா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இருப்பிடத்தைக் கணித்துவிடும். அதற்கு இணையம் வேண்டியதில்லை. ஆகவே கைபேசிக் கோபுரங்கள் அரிதான மலைப்பாதைகளில் அடிக்கடி செல்பவருக்கு, முழு வரைபடத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தனிக்கருவி மிகவும் பயன்படும். நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குக் கைபேசியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்குமுன், திரை எவ்வளவு பெரியது என்பதைவிட, நீங்கள் செல்லும் நாட்டின் வரைபடம் அதில் உள்ளதா, அதன் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு இலவசம் என்பதையே முதலில் விசாரியுங்கள். புதிய புறவழிச்சாலையை அறியாத வரைபடம் உங்களைப் பழைய நெரிசலுக்குள்ளேயே கொண்டு செல்லும். ஜி.பி.எஸ். போன்றே வழிகாட்டும் ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் பயன்படுத்தும் கருவி, உயர்ந்த கட்டடங்களுக்கிடையே குறைவாகவே தடுமாறும். நண்பகல் வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா என்பதையும் கடை வாசலிலேயே சோதித்துவிடுங்கள்.