டபுள் ஐபிஏ தேன் மாதிரி இனிக்கிறதா? முதலில் தேதியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சும் ஸ்ட்ராங் பீர்தான் டபுள் ஐபிஏ; கடைகளில் எளிதில் கிடைக்காத அப்படி ஒரு பாட்டிலை இணையத்தில் யாரோ ஒருவரிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினாராம். மதிப்பெண் போடும் செயலியில் ஐந்துக்கு நாலரை வாங்கிய பீர். குடித்தால் தேன் மாதிரி இனிப்பு, பின்னாலேயே நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கடைசியில் தொண்டையைச் சுரண்டும் கசப்பு. "ஸ்ட்ராங் பீர் அப்படித்தான் இருக்கும், பழகினால் பிடித்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். குறை என் நாக்கிலா, பீரிலா, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

உங்கள் நாக்குக்கு ஒன்றும் இல்லை. பீர் பழசு.

பீர் காய்ச்சுபவரான வின்னி சிலுர்சோ 1994இல் கலிஃபோர்னியாவின் டெமெக்குலாவில் ஹாப்ஸை இரட்டிப்பாகப் போட்டுக் காய்ச்சிய பீரைத்தான் இந்த வகையின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். ஹாப்ஸின் வாசனைதான் இந்தப் பீரின் உயிர்: பம்பளிமாஸ் தோல், பைன் பிசின், மாம்பழம், கொய்யா. அந்த வாசனை அரைத்த காப்பிப்பொடியின் மணம் போல, நாள் ஆக ஆகப் பறந்துவிடும். வெப்பமும், உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜனும் போதும். வாசனை போனபின் மிஞ்சுவது மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் சாராயச் சூடும்தான், அதோடு அந்த அட்டை வாடையும் வந்து சேரும். நீங்கள் குடித்தது அதைத்தான். அதே சிலுர்சோவின் ரஷ்யன் ரிவர் நிறுவனம் 8 சதவீதச் சாராயம் உள்ள 'பிளினி தி எல்டர்' என்ற டபுள் ஐபிஏ பாட்டிலின் லேபிளிலேயே குளிரில் வை, புதிதாகக் குடி, சேர்த்து வைக்காதே என்று கத்திக் கத்திச் சொல்கிறது. இருந்தும் அதை வாங்கிப் பதுக்கி மூன்று மாதம் கழித்து விற்க ஆள் இருக்கிறார்கள்.

இவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பாட்டில் எந்தக் கார் டிக்கியில் எத்தனை நாள் வெந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "அபூர்வமான பீர்" என்று விலையை ஏற்றுகிறவர் தேதியை மட்டும் படத்தில் காட்டமாட்டார். செயலியின் நாலரையும் இங்கே உதவாது. அது பெரும்பாலும் புதிதாகக் குடித்தவர்கள் போட்டதாக இருக்கும், உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்குப் போட்டது இல்லை.

எனக்கு இதில் கோபம் வருவது சட்டத்தின் மேல்தான். பீர் லேபிளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம், அளவு கட்டாயம், ஆனால் எந்த நாளில் அடைத்தார்கள் என்பதை அமெரிக்க மத்திய சட்டம் கேட்பதே இல்லை! மதுவிலக்கு 1933இல் முடிந்த பிறகு வந்த ஏற்பாட்டில், பல மாநிலங்களில் ஆலையிலிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து கடை என்று சுற்றித்தான் பீர் வருகிறது. நடுவில் எந்தக் கிடங்கில் குளிர்சாதனம் இல்லாமல் கிடந்தது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. நான் ஒரு கடையில் ஐந்து மாதப் பழைய கேனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பீர் கெட்டுப்போகாது" என்று சொல்லி அனுப்பினார்கள். வயிற்றைக் கெடுக்காதுதான், ஆனால் காசு கொடுத்தது சுவைக்கு.

அதனால் கேனின் அடியைப் பாருங்கள். தேதி நேராக இருக்கலாம், அல்லது மூன்று இலக்கமாக இருக்கலாம். 045 என்றால் ஆண்டின் 45ஆம் நாள், பிப்ரவரி 14. நான் 30 நாளுக்குள் இருந்தால் வாங்குவேன், 60 தாண்டினால் தொடமாட்டேன். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருந்தால் புதியதாக இருந்தாலும் யோசிப்பேன்.

சரி, "120 மினிட் ஐபிஏவை வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கிறார்களே" என்று அடுத்த கடிதம் வரும், ஒவ்வொரு முறையும் வருகிறது. டாக்ஃபிஷ் ஹெட் காய்ச்சும் அது 15 முதல் 20 சதவீதம் வரை போகும் பீர். அத்தனை மால்ட்டும் அத்தனை சாராயமும் இருப்பதால், ஹாப்ஸ் மங்கினாலும் உலர்திராட்சை, பாகு, ஷெர்ரி ஒயின் மாதிரி ஒரு சுவை அதில் எழும், அது நன்றாகவே இருக்கும். ஆனால் அப்போது நீங்கள் குடிப்பது ஹாப்ஸ் பீர் என்று சொல்ல முடியாத வேறொரு பானம். பெயரில் ஐபிஏ இருக்கிறது என்பதற்காக உங்கள் டபுள் ஐபிஏ பாட்டிலையும் பரணில் போட்டால் அந்தச் சுவை வராது, அட்டைதான் வரும். 120 மினிட்டை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் குடித்துவிடுங்கள்.

சுவைக்கும் முறை எளிது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பல்லைக் கூச வைக்கும் குளிரில் வாசனை எழாது. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் பாதி ஊற்றி, குடிக்கும் முன் நன்றாக முகருங்கள். பீர் போட்டிகளில் நடுவர்களான நாங்கள் போடும் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு மட்டும் 12, சுவைக்கு 20, தோற்றத்துக்கு வெறும் 3. பிறகு ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். ஒயின் மாதிரித் துப்பாதீர்கள், கசப்பு முழுதாகத் தெரிவது விழுங்கிய பிறகுதான். நல்ல கசப்பு ஏறி, நின்று, சுத்தமாக இறங்கும், அடுத்த வாய்க்கு ஆசை வரும். நாக்கில் ஒட்டிக்கொண்டு சுரண்டினால் குறை இருக்கிறது. பக்கத்தில் காரமான மிக்சர் வேண்டாம், காரம் கசப்பையும் சாராய எரிச்சலையும் தூக்கிக் காட்டிவிடும். அப்புறம், 16 அவுன்ஸ் 8 சதவீத கேன் ஒன்று சாதாரண பீர் இரண்டுக்கும் மேல். சுவைத்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஆலையிலோ நல்ல கடையிலோ புதிய கேன் மூன்று வாங்குங்கள். ஒன்றை அன்றே குடியுங்கள். மற்ற இரண்டில் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் ஒன்றைச் சமையலறை அலமாரியிலும் ஒரு மாதம் வைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றி அந்த நண்பர்களுக்குக் கொடுங்கள். எது எது என்று மட்டும் சொல்லாதீர்கள்.