வாசகர் கேள்வி பதில்: படிவம் வந்தது, கையெழுத்து எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையெழுத்தைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், எங்கள் குழு ஓடிகே கலெக்ட் செயலியில் வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிக்கிறது. கடைசிக் கேள்வியில், பதில் சொன்னவர் ஸ்க்ரீனில் விரலால் கையெழுத்துப் போடுவார். எல்லாவற்றையும் எக்செல்லில் திறந்து பார்த்தால், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோப்புப் பெயர்தான் இருக்கிறது. சில வரிசைகளில் அதுவும் இல்லை. 'எல்லார்கிட்டயும் திரும்பப் போய் வாங்கிட்டு வாங்க' என்கிறார் மேலதிகாரி. வேறு வழி இருக்கிறதா?
(ஒரு கள ஒருங்கிணைப்பாளர்)

பதில்: இப்போதைக்கு யாரையும் எங்கேயும் அனுப்பாதீர்கள். அதைவிட முக்கியம், கள ஊழியர்களின் போன்களில் எதையும் அழிக்கவிடாதீர்கள். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, டேட்டாவை கிளியர் செய்வது, இடம் போதவில்லை என்று பழைய படிவங்களை டெலிட் செய்வது எதுவும் வேண்டாம். குழுவில் எல்லாருக்கும் இதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மீதியைப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. கோப்புப் பெயர் இருக்கும் வரிசைகளையும் ஒன்றுமே இல்லாத வரிசைகளையும் முதலில் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

பெயர் இருக்கும் வரிசைகளில் கையெழுத்து தொலைந்திருக்க வாய்ப்புக் குறைவு. விரலால் போட்ட கையெழுத்து போனிலேயே ஒரு படக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. படிவத்துக்குள் இருப்பது அந்தப் படத்தின் பெயர் மட்டும். எக்செல்லில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். போன்களிலிருந்து படிவங்கள் வந்து சேரும் சர்வரான ஓடிகே சென்ட்ரலில் வெறும் அட்டவணையை மட்டும் இறக்காமல், இணைப்புகளோடு (படிவத்துடன் வரும் படங்கள் போன்ற கோப்புகள்) சேர்த்து ஜிப்பாக இறக்குங்கள். உள்ளே படங்களுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கும். எக்செல்லில் உள்ள பெயரை அதில் தேடுங்கள். உங்கள் வரிசைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பெயர் இருக்கிறது, ஆனால் ஜிப்பில் படம் இல்லை என்றால், அது வழியில் நின்றுபோயிருக்கிறது. படிவத்தின் எழுத்துப் பகுதி சிறியது, சிக்னல் மோசமாக இருந்தாலும் சட்டென்று போய்விடும். படங்கள்தான் தடுக்கி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க சென்ட்ரல் தரும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பிலேயே இரண்டு நெடுவரிசைகள் உண்டு. அட்டாச்மென்ட்ஸ் எக்ஸ்பெக்டட் என்பது வர வேண்டிய இணைப்புகளின் எண்ணிக்கை, அட்டாச்மென்ட்ஸ் பிரசன்ட் என்பது வந்து சேர்ந்தவை. 3 வர வேண்டிய இடத்தில் 2 என்று இருந்தால் அந்த வரிசையைக் குறித்துக்கொண்டு, அதை எடுத்த ஊழியரின் போனைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் அந்தப் படிவம் அனுப்பக் காத்திருக்கும் பட்டியலிலேயே இருக்கும். நல்ல வைஃபையில் இணைத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஒரே வீடு இரண்டு தடவை பதிவாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால், விடுபட்ட படம் மட்டும் பழைய பதிவோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அனுப்பியதும் அழித்துவிடு என்ற அமைப்பு எந்தப் போனிலாவது இயங்கிக்கொண்டிருந்தால், எல்லாம் வந்து சேர்ந்து நீங்கள் சரிபார்க்கும் வரை அதை நிறுத்தி வையுங்கள்.

இனி ஒன்றுமே இல்லாத வரிசைகள். இங்கே மூன்று காரணங்களைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். கையெழுத்துக் கேள்வி கட்டாயம் என்று குறிக்கப்படாததால் ஊழியர் தாண்டிப் போயிருக்கலாம். இது எளிதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம், படிவத்தில் வைத்த நிபந்தனை. இதுதான் ஆளைக் குழப்பும், ஏனென்றால் ஊழியர் 'நான் வாங்கினேன், என் கண் முன்னாடிதான் போட்டாங்க' என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். 'குடும்பத் தலைவர்தான் பதில் சொல்கிறாரா?' என்ற கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் கையெழுத்துக் கேள்வி வரும்படி படிவம் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் முதலில் ஆம் என்று போட்டு, கையெழுத்தும் வாங்கிவிட்டு, பிறகு சரிபார்க்கும்போது 'இல்லையே, பதில் சொன்னது அவர் மனைவி' என்று அந்த ஒரு பதிலை மட்டும் மாற்றினால் போதும். படிவத்தை முடிக்கும்போது நிபந்தனைக்கு உட்படாத பதில்கள் எல்லாம் விலக்கப்படும், கையெழுத்தும் கூடவே போய்விடும். எந்தத் தவறுச் செய்தியும் வராது. காலியான வரிசைகளில் இந்த மாதிரி முந்தைய கேள்விகளின் பதில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது, பாதி வேலையில் யாராவது படிவத்தைத் திருத்தி அந்தக் கேள்வியின் உள்பெயரை மாற்றியிருப்பது. பழைய கையெழுத்துகள் பழைய பெயரிலும் புதியவை புதிய பெயரிலும் கிடக்கும். ஓடிகே போன்ற இன்னொரு படிவக் கருவியான கோபோடூல்பாக்ஸில் ஏற்றுமதி செய்பவர்கள், எல்லாப் பதிப்புகளின் கேள்விகளையும் சேர்க்கும் தேர்வைப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சில கையெழுத்துகள் கிடைக்காது. அவர்களிடம் மட்டும் போங்கள். நடந்ததைச் சொல்லி, போகிற அன்றைய தேதியிலேயே வாங்குங்கள், முதல் கையெழுத்து ஏன் இல்லை என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். பழைய தேதி போடுவதோ, வேறு படிவத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்தை வெட்டி ஒட்டுவதோ கூடவே கூடாது. அது ஒரு மனிதர் தன் கையால் கொடுத்த சம்மதம். அவர் கொடுக்காததை நாம் உண்டாக்க நமக்கு உரிமை இல்லை. அவர் மறுத்தால் மறுத்ததுதான், அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் அமைப்புக்காக நானே ஒரு இணையப் படிவம் எழுதினேன். கையெழுத்துப் படம் கட்டாயம் என்று சரிபார்த்துத்தான் ஏற்கிறேன். ஆனாலும் சிலருடையது வெறும் வெள்ளையாக வருகிறது. படமே இல்லை என்றால் சரி, வெற்றுப் படம் எப்படி வரும்?
(ஒரு தன்னார்வலர்)

பதில்: கையெழுத்துப் போடும் பலகை கேன்வாஸ் என்ற உறுப்பு. அதில் யாரும் ஒரு கோடு கூடப் போடாவிட்டாலும், படமாகக் கொடு என்று கேட்டால் முறையான ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் சரிபார்ப்பது படம் இருக்கிறதா என்பதை. கோடு இருக்கிறதா என்பதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

சரி, போட்டவர்களுடையது ஏன் காலி? பெரும்பாலும் போனைத் திருப்பியிருப்பார்கள். நிமிர்த்திப் பிடித்தால் கட்டம் சின்னதாக இருக்கிறது என்று, கையெழுத்துப் போட்ட பிறகோ பாதியிலோ படுக்கையாகத் திருப்புவார்கள். உங்கள் நிரல் உடனே கேன்வாஸின் அகலத்தைப் புதிதாக அமைக்கும். அகலத்தையோ உயரத்தையோ அமைத்த கணமே கேன்வாஸ் முழுவதும் துடைக்கப்படும், பழைய அதே எண்ணைக் கொடுத்தாலும்கூட. விரல் போன பாதையைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டு, அளவு மாறியதும் மறுபடி வரைந்துவிடுங்கள். பக்கத்தில் மறைந்திருக்கும் தாவலுக்குள் (டேப்) பலகையை வைத்திருந்தால் இன்னொன்றும் நடக்கும்: பக்கம் திறக்கும்போது அதன் அகலம் 0 என்று கணக்காகி, கடைசி வரை எதுவும் பதியாது. தாவல் திறந்த பிறகு அளவு எடுங்கள்.

ஏற்கெனவே வந்து குவிந்தவற்றில் வெற்றுப் படங்களைப் பிரிக்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். ஃபோல்டரைக் கோப்பின் அளவுப்படி அடுக்குங்கள். இரண்டு பேரின் கையெழுத்துக் கோப்புகள் ஒரே பைட் கணக்கில் அமைவது அபூர்வம். ஒரே வகைப் போனிலிருந்து வந்த வெற்றுப் படங்களோ பைட் பிசகாமல் ஒரே அளவில், பட்டியலின் சின்னக் கோப்புகள் பக்கம் வரிசையாக நிற்கும்.

கேள்வி: பிடிஎஃப் எடுத்தால் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். ஏன்?

பதில்: கையெழுத்து அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. பலகையின் பின்னணி வெள்ளை அல்ல, ஒளிபுகும் வெறுமை. பிஎன்ஜி அதை அப்படியே காக்கும். ஜேபிஜிக்கு அந்த வசதி கிடையாது, மாற்றும்போது பல கருவிகள் வெறுமையைக் கறுப்பால் நிரப்பிவிடும். கறுப்பு மையும் கறுப்புப் பின்னணியும் கலந்துவிட்டன. மாற்றுவதற்கு முன் வெள்ளைப் பின்னணியை நிரப்புங்கள். டார்க் மோடில் கையெழுத்து தெரியவில்லை என்று எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கையெழுத்துப் படத்தை எழுத்துச் சரமாக மாற்றி டேட்டாபேஸில் வைக்கிறேன். சிறிய கையெழுத்து சரியாக வருகிறது. பெரிதாக, அலங்காரமாகப் போடுபவர்களுடையது மேல் பாதி மட்டும் வருகிறது.
(ஒரு மாணவர்)

பதில்: நீங்கள் சொன்ன அந்த 'மேல் பாதி' எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பிஎன்ஜி மேலிருந்து கீழே வரிவரியாக எழுதப்படுவது. சரத்தின் வால் வெட்டுப்பட்டால் படத்தின் கீழ்ப்பகுதி போய்விடும். நீங்கள் பயன்படுத்துவது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்றால், அதில் டெக்ஸ்ட் வகை நெடுவரிசை கொள்வது 65,535 பைட். படத்தை எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் மாற்றும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகும், அதனால் படம் 48 கேபியைத் தாண்டினாலே அந்த வரம்பை முட்டிவிடும். வரம்பு மீறியதை ஏற்க மறுக்கும் கறாரான பயன்முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைக்கப்பட்டிருந்தால், மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும். நெடுவரிசையை இதைவிடப் பெரிய வகையான மீடியம்டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள், கறாரான பயன்முறையையும் போடுங்கள். படத்தைக் கோப்பாக வைத்து, டேட்டாபேஸில் அதன் பாதையை மட்டும் எழுதுவது இன்னும் நல்லது.

எக்செல் செல்லில் 32,767 எழுத்துகளும் கூகுள் ஷீட்ஸ் செல்லில் 50,000 எழுத்துகளும்தான் கொள்ளும். அதனால் கையெழுத்துச் சரங்களை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்டவற்றின் கீழ்ப்பாதி அந்த டேட்டாபேஸில் இல்லை, எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது. அந்த ஆட்களின் பட்டியலை எடுத்து, முதல் பதிலில் சொன்னபடி புதிய தேதியில் வாங்குங்கள்.